தேங்காயைக் கேட்டியா, மாப்ள?

வா மாப்ள, ஒக்காரு. ஆயிரம் அடி போர் போட்டிருக்கியாமே? ஊரு பூராவும் அதே பேச்சு. ஒங் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சனம் வரல, போர்வண்டி வந்து நின்னதும் மூணு தெருவும் கூடிடுச்சாம். நல்லது. எங்காலத்துல முப்பதடி கெணத்துல தண்ணி காட்டும். அதுல என்னா பெருமை இருக்குது? பாதாளத்துலேர்ந்து எடுத்தாத்தான மரியாதை.

நீரோட்டம் பாக்க ஆளக் கூட்டியாந்த. உள்ளங்கையில தேங்காய வச்சிக்கிட்டு அவரு நடந்தாரு, தேங்கா எந்திரிச்சி நின்னுது, நின்ன எடத்துல போட்ட. சரி. தண்ணி இருக்குதுன்னு தேங்கா சொல்லிடுச்சி. அதுல ஃப்ளோரைடு எவ்ளோன்னு அந்தத் தேங்காயக் கேட்டியா? கேக்கலயா? அம்மாம் விவரமான தேங்கா, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

சிரிக்காத. நம்ம பூமி கருங்கல் பூமி. பாறை வெடிப்புலதான் தண்ணி ஒளிஞ்சி கெடக்குது. மேல இருக்கறது போன வருச மழை, அடியில இருக்கறது எந்தக் காலத்து மழையோ. பாறையில ஃப்ளோரைடு உள்ள தாதுங்க இருந்தா, ராவெல்லாம் ஊறவச்ச வெந்தயம் கணக்கா, கெடக்கக் கெடக்கத் தண்ணியில எறங்கும். வெந்தயமாவது கசந்து காட்டிக்குடுக்கும். இதுக்கு நெறமும் இல்ல, வாசமும் இல்ல, ருசியும் இல்ல. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதுக்கு மேல போனா, மொளைக்கும்போதே புள்ளைங்க பல்லுல காவி ஏறும். இன்னும் கூடுதலா இருக்கறத வருசக் கணக்குல குடிச்சா, முதுகும் முட்டியும் மடங்க மாட்டேங்கும்.

"காச்சிக் குடிச்சா சரியாப் போவும் மாமா"ன்னு வாயெடுப்ப. காச்சு. கிருமி சாவும். ஃப்ளோரைடு எங்கயும் போவாது, ஆவியாப் போன தண்ணிக்குத் தக்கன கெட்டியாத்தான் ஆவும். வெறகும் செலவு, வெனையும் கூட.

கல்வராயன் மலைக்கு அந்தாண்ட தர்மபுரிக்காரங்களக் கேளு. அந்தப் பக்கம் பொண்ணு பாக்கப் போயி, அது வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சதப் பாத்து அடக்கமான பொண்ணுன்னு மெச்சிக்கிட்டு வந்தவங்க உண்டு. அடக்கமாவது ஒண்ணாவது, பல்லுய்யா! அவங்களும் தோண்டித் தோண்டிப் பாத்துட்டுக் கடைசியில காவிரிகிட்டதான் கை நீட்டுனாங்க. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல அடிக்கல் நட்டாங்க. கர்நாடகாவுல சண்ட, ஜப்பான்காரன்கிட்ட கடன், 1,900 கோடிக்கு மேல செலவு, 2013-லதான் தொறந்தாங்க. திட்டத்தோட பேருலயே ஃப்ளோரோசிஸ் தடுப்பையும் சேத்து வச்சாங்க. ஒன் வீட்டுக்கு மட்டும் காவிரியக் கொண்டாரணும்னா ஜப்பான்காரன் யோசிப்பான் மாப்ள.

போன கோடையில நம்ம வூட்டுக்கு ஒரு தம்பி வந்தாப்ல, டை கட்டிக்கிட்டு. ஆர்ஓ மிஷின் விக்கிறாராம். ரெண்டு கிளாசு கேட்டாரு. ஒண்ணுல நம்ம கொழாத் தண்ணி, இன்னொண்ணுல அவரு கொண்டாந்த சுத்தத் தண்ணி. கம்பி வச்ச ஒரு சாமான ரெண்டுத்துக்குள்ளயும் வுட்டு, கரண்டக் குடுத்தாரு. ரெண்டு நிமிசத்துல நம்ம தண்ணி காவாத் தண்ணியா கறுத்து, பழுப்பேறி, நொரை தள்ளுது. அவரு தண்ணி பளிங்கு. ஒங்கக்கா நெஞ்சுல கைய வச்சிட்டா. "இத்தினி நாளா இதையா குடிச்சீங்க"ன்னு தம்பி கேட்டாப்ல, அழுதுடுவாரு போல.

நான் உள்ள போயி ரெண்டு சிட்டிகை கல்லுப்பு எடுத்தாந்து, அவரு பளிங்குத் தண்ணியில போட்டுக் கலக்குனன். "இப்ப கரண்டக் குடு தம்பி"ன்னன். குடுக்க மாட்டேன்னாரு. நானே குடுத்தன். அவருதும் பழுப்பாச்சி. உப்பில்லாத தண்ணியில கரண்டு ஓடாது, உப்பிருந்தா ஓடும், ஓடுனா கம்பியில இருக்கற இரும்பு கரைஞ்சி துருவா வரும். அந்த அழுக்கு பூராவும் கம்பியோட அழுக்கு. மோரு குடுத்து அனுப்பிவச்சன், வெயில்ல பாவம்.

மிஷினு மோசம்னு சொல்லல. ஃப்ளோரைடு இருக்கற தண்ணிக்கு அது கேக்கும், உள்ள இருக்கற சவ்வ நேரங்காலத்துல மாத்துனா. ஆனா ஒரு கொடம் எடுக்க ரெண்டு மூணு கொடத்தச் சாக்கடைக்கு வுடும். என்னா நோவுன்னு பாக்காமலே மருந்து வாங்குற ஆளு நீ, அதான் சொல்றன். டிடிஎஸ் மீட்டர வச்சிப் பாத்தன்னும் சொல்லாத. மொத்த உப்பு எவ்ளோன்னுதான் அது சொல்லும், எந்த உப்புன்னு சொல்லாது.

மேல கரியாலூரு, வெள்ளிமல பக்கம் போனா வேற கூத்து. ஊத்துத் தண்ணி, மூலிகைத் தண்ணின்னு டவுன்காரங்க பாட்டில்ல புடிச்சிக்கிட்டுப் போறாங்க. அந்த ஊத்துக்கு மேல யாரு ஒதுங்குனா, எந்த மாடு படுத்துதுன்னு மூலிகைக்குத் தெரியுமா? அத நம்பி இருக்கற மலைசனத்துக்கு மழை புடிச்சா வயித்தால போவுது, பாட்டில்காரங்க வூட்டுக்குப் போயி மாத்திர வாங்கிக்கிறாங்க. அங்க ஆபத்து கிருமி, ஒன் போர்ல ஆபத்து பாறை. அங்க காச்சுனா தீரும், இங்க தீராது.

2024 ஜூன்ல நம்ம கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல கள்ளச்சாராயம் குடிச்சி நடந்தது ஒனக்குத் தெரியும். 60 பேருக்கு மேல போயிட்டாங்க. மெத்தனால் கலந்திருக்குதுன்னு கண்ணும் சொல்லல, நாக்கும் சொல்லல. அதுல கேலி இல்ல மாப்ள.

நம்மூரு தண்ணியில கிருமி சாவட்டும்னு டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் போட்டா, "மருந்து நாத்தம் அடிக்குது, போடாத"ன்னு சண்டைக்குப் போறது யாரு? நீதான். கடைசி வூட்டுக் கொழாயிலயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சி இருக்கணும். நாத்தம் புடிக்கலன்னா கொடத்துல புடிச்சி செத்த நேரம் தொறந்து வையி, பறந்துடும்.

மார்ச்சு 22 கிராமசபைக்கு வருவதான? தண்ணி தெனம்னே அதுக்குப் பேரு. டீயும் காராசேவும் குடுப்பாங்க, வந்துடுவ. வந்தா, வழக்கமாக் கேக்குற தெருவிளக்க ஒரு நாளைக்கு வுட்டுடு. நம்மூரு தண்ணிய எப்ப சோதிச்சீங்க, சீட்டக் காட்டுங்கன்னு கேளு. 2019-ல ஆரம்பிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல, ஊருக்கு அஞ்சு பொம்பளைங்களுக்குச் சோதனைப் பெட்டியக் குடுத்துப் பழக்கணும்னு இருக்குது. வருசத்துக்கு ஒரு தரம் உப்பு வகையறாவ, ரெண்டு தரம் கிருமிய பாக்கணும். பெட்டி எங்கன்னு கேட்டா ஆபீசு பீரோவுல பத்திரமா இருக்குதும்பாங்க. பீரோ ஃப்ளோரைடு குடிக்காதுன்னு சொல்லி வாங்கிக் குடு.

மொட்டமாடி மழைத்தண்ணியச் சேக்கணும்னு 2003-லயே கட்டாயமாக்குனாங்க. ஒன் வூட்டுக் கொழா இன்னும் தெருவுலதான் ஊத்துது. ஃப்ளோரைடு தொல்லை இல்லாத தண்ணி கூரைமேல வுழுந்துக்கிட்டு இருக்க, நீ ஆயிரம் அடிக்குக் கீழ போயிக் கெஞ்சிக்கிட்டு இருக்கற.

நாளைக்கே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குத் தண்ணி கொண்டு போ. மோட்டாரக் கொஞ்ச நேரம் ஓடவுட்டு, அதே தண்ணியில பாட்டிலக் கழுவிட்டுப் புடி. கிருமி பாக்கணும்னா அவங்க குடுக்கற பாட்டில்லதான் புடிக்கணும், அன்னைக்கே சேத்துடணும். ஃப்ளோரைடுக்கு பிளாஸ்டிக் பாட்டில் போதும். வூட்டுல கெடக்குதுன்னு குவாட்டர் பாட்டில எடுத்துக்கிட்டுப் போயிடாத. வழியில போலீசு நிறுத்துனா, நம்ம மாவட்டத்துல அத போர்த் தண்ணின்னு சொன்னா எவன் நம்புவான்?