கடலும் உட்பட

2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஊர்க்காரர்கள் பலருக்குப் புதுப் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று மாறிப்போவது அவர் கடையில் தினசரி நடப்பதுதானே!

அபர்டீன் பஜார், ஜங்லிகாட், டாலிகஞ்ச் என்று எந்தப் பக்கம் போனாலும் அவரைப் பார்க்கலாம். அவர் ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். நெல்லைச் சீமையிலிருந்து அப்பா காலத்தில் கப்பலேறிய குடும்பம். கல்லாவுக்கு மேலே முருகன், காதில் சாக்பீஸ். விலையைப் பேனாவால் எழுதுவது மெயின்லேண்டுக்காரன் திமிர் என்பது அவர் கட்சி. நாளைக்கும் இதே விலைதான் என்று சொல்ல மனுசன் யார்?

அவர் வேதத்தில் ஒரே ஒரு மந்திரம்தான். தமிழனிடம் "கப்பல் வரலை". ராஞ்சிக்காரரிடம் "ஜஹாஜ் நஹீ ஆயா". வங்காளியிடம் "ஜாஹாஜ் ஆஷே நி". தெலுங்கரிடம் "ஓட ராலேது". தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிடச் சுருக்கமான வாசகம் கிடையாது.

மந்திரம் பொய்யும் இல்லை. சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பயணிகள் கப்பலுக்கே இரண்டரை மூன்று நாள். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, சோப்பு எல்லாம் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து அலைமேல் ஆடி ஆடித்தான் வரவேண்டும். வங்கக்கடலில் ஒரு புயல் சின்னம் உருவானால், வானிலைக்காரர்கள் அதற்குப் பெயர் வைக்குமுன் அண்ணாச்சி உருளைக்கிழங்குக்கு விலை வைத்துவிடுவார்.

அங்கேதான் நமக்கு மூக்கில் வேர்க்கும். "அண்ணாச்சி, குடோன்ல இருக்குற மூட்டை போன கப்பல்ல வந்ததுதானே? அதுக்கு எதுக்கு இந்த விலை?"

"இதை வித்துட்டு அடுத்த மூட்டையை நான் என்ன விலைக்கு எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

நியாயம்தான். பொருளாதாரப் பாடப்புத்தகங்களும் இதைத்தான் சொல்கின்றன. சரி என்று வாயை மூடிக்கொண்டு, கப்பல் வந்த மறுநாள் போய் நின்றால் விலை அசைந்திருக்காது. "இது பழைய சரக்குல்லா? ஏறுன விலைக்கு வாங்குனது." ஏறும்போது அவர் விலை வருங்காலத்தைப் பார்க்கும், இறங்கவேண்டிய நாளில் கடந்த காலத்தைப் பார்க்கும். நிகழ்காலத்தில் அகப்பட்டவர் நாம் மட்டுமே.

நீல் தீவுக் கத்திரிக்காய் விஷயம் இன்னும் விசேஷம். 2018இல் அந்தத் தீவை ஷாஹீத் த்வீப் ஆக்கினார்கள். தலைநகருக்குக் காய்கறி தரும் தோட்டம் அது. படகில் சில மணி நேரத்தில் வந்துவிடும். சென்னைக் கப்பல் தாமதமானால் அந்தக் கத்திரிக்காயும் துணைக்கு ஏறும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். "உருளைக்கிழங்கு இல்லன்னா சனம் கத்திரிக்காயைத்தானே கேக்கும்? கேக்குறவங்க கூடுனா விலை கூடும். படிச்சவங்க நீங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அதையும் ஒருநாள் எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சி பிஸ்கட் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "'அனைத்து வரிகளும் உட்பட'ன்னு போட்டிருக்கான். கடலும் உட்படன்னு போட்டிருக்கானா?"

ஆளுக்கொரு விலை வைப்பது தர்மமா என்று கேட்டால், அரசாங்கத்தையே சாட்சிக்கு இழுப்பார். "கவர்மெண்ட் கப்பல்ல தீவுக்காரனுக்கு ஒரு கட்டணம், வெளியாளுக்கு ஒரு கட்டணம். டூரிஸ்ட்டுக்கு எளநீர் ரெண்டு ரூவா கூட வித்தா நான் மட்டும் கொள்ளைக்காரனா?" அடுத்து ஆகாயத்தில் ஏறுவார். "பொங்கலுக்கு ஊருக்குப் போக பிளேன் டிக்கெட் பாத்தீங்களா? காலைல ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. கம்ப்யூட்டர் ஏத்துனா டெக்னாலஜி. நான் சாக்பீஸ்ல ஏத்துனா பாவம்."

இந்த வழக்கு உலகக் கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. 2004 ஆகஸ்டில் புளோரிடாவைச் சார்லி புயல் அடித்தபோது, இரண்டு டாலர் ஐஸ் மூட்டையைப் பத்து டாலருக்கு விற்றார்கள். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெல், நீதி பற்றிய தம் புகழ்பெற்ற புத்தகத்தை அந்தச் சண்டையில்தான் ஆரம்பிக்கிறார். விலை ஏறினால்தான் சரக்கு வரும் என்று ஒரு கட்சி. அடுத்தவன் ஆபத்தில் காசு பார்ப்பது பேராசை என்று ஒரு கட்சி.

அதே 2004 டிசம்பர் 26, சுனாமி. அண்ணாச்சியை எந்தக் கட்சியிலும் சேர்க்கவிடாத நாள் அது. ஜெட்டிகள் உடைந்து கிடந்தன. எப்போது சரக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பேசாமல் மூட்டைகளை வைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு எந்த விலைக்கும் போயிருக்கும். கடையை அகலத் திறந்து, முகாமில் இருந்தவர்களுக்கு அரிசி அளந்ததாகச் சொல்வார். அன்றைய கடன் நோட்டு இன்றும் இருக்கிறது. பாதிப் பக்கங்களில் பெயருக்கு நேரே தொகை இல்லை. கேட்டால் எரிச்சல்படுவார்: "அன்னைக்கு யாராவது கணக்கு எழுதுவானா?"

ஆக, பெரிய கஷ்டத்தில் மனிதர் தங்கம். சின்னக் கஷ்டத்தில்தான் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதல். வெள்ளம் வந்தால் அள்ளிக் கொடுத்துவிட்டு, தூறல் போட்டால் குடைக்கு வாடகை கேட்கிற இந்தக் குணம் அவருக்கு மட்டும் உரியதா என்ன?

கடைக்கு நேர் எதிரில் ஒரு சார் இருக்கிறார். அண்ணாச்சியைப் பற்றி நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போவேன் என்று மாதம் ஒருமுறை முழங்குவார். மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறார். டிசம்பர் பிறந்தால் வாடகை இரண்டு மடங்கு, "சீசன்" என்பார். அண்ணாச்சி ஒருநாள் பணிவாகக் கேட்டார்: "ஏன் சார், ஒங்க மாடியும் கப்பல்லதான் வருதோ?"

சிரித்தோம். ஆனாலும் எனக்கு ஒரு குறை பாக்கி. தட்டுப்பாட்டில் விலை ஏறுவதை ஊர் பொறுத்துக்கொள்ளும். ஏறுவதற்குச் சொன்ன காரணம் தீர்ந்த பிறகும் இறங்காமல் நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. லாபம் அண்ணாச்சிக்கு, பழி கடலுக்கு என்பது என்ன நியாயம்? இதை நேரடியாகச் சொல்லத் தைரியமில்லாமல் சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைத்தேன். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கூடுதலாக வாங்கவும் மாட்டார்கள், குறைத்துக் கொடுக்கவும் மாட்டார்கள், விலையை ஒளிவில்லாமல் சொல்லி விற்பார்கள் என்று பட்டினப்பாலை புகழ்வதை விளக்கினேன்.

அண்ணாச்சி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அவங்க துறைமுகத்துலயே கடை வச்சிருந்தாங்க தம்பி. கப்பல் வந்ததை ஊரே பாத்துக்கிட்டிருக்கும். வேற வழியில்லாம நேர்மையா இருந்திருப்பாங்க."

எத்தனையோ நீதி நூல்கள் சுற்றி வளைத்த இடத்தை ஒரே வரியில் தொட்டுவிட்டார். விடுவேனா? "இப்பவும் பாக்கலாம் அண்ணாச்சி. எந்தக் கப்பல் எங்க நிக்குதுன்னு போன்லயே தெரியும். இதோ பாருங்க, ஹேடோ துறைமுகத்துல கட்டியாச்சு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். கப்பல் நின்றது. மறுக்க வழியில்லை. சாக்பீஸை எடுத்தார், பலகையை நோக்கிக் கை போனது, பாதியில் நின்றது.

"கப்பல் வந்துட்டு தம்பி, நான் இல்லங்கல. கண்டெய்னர் இன்னும் எறங்கலையே!"