சுவிட்ச் வம்சத்தின் சுருக்க வரலாறு

சிஸ்கோ நிறுவனம் 1993இல் வலையமைப்புப் பொறியியலாளருக்கான சி.சி.ஐ.இ. பரீட்சையைத் தொடங்கியபோது முதல் இலக்கத்தை மனிதர் எவருக்கும் கொடுக்கவில்லை. 1024 என்ற அந்த இலக்கம் பரீட்சை நடந்த அறைக்கே போனது. பரீட்சையை உருவாக்கிய ஸ்ருவர்ட் பிக்ஸுக்கு 1025. உண்மையாகவே உட்கார்ந்து செய்து சித்தியடைந்த ரெரி ஸ்லாற்றரிக்கு 1026. படிக்காமல் சி.சி.ஐ.இ. வாங்கியது அந்த அறை மட்டும்தான்.

அந்தக் காலத்தில் பரீட்சை இரண்டு நாள். முதல் நாளும் மறுநாள் காலையும் வலையமைப்பைக் கட்ட வேண்டும். பரீட்சார்த்தி மத்தியானம் சாப்பிடப் போன நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வந்து அதைக் குழப்பி வைப்பார். பின்னேரம் முழுக்க, எங்கே கை வைத்தார் என்று தேட வேண்டும். காசும் கட்டி இந்தக் கூத்தும் பார்க்க வேண்டியிருந்தது. 2001இல் இதை ஒரே நாளாக, எட்டு மணித்தியாலமாகச் சுருக்கினார்கள்.

அப்போது பரீட்சையில் சுவிட்ச்களின் சிங்காசனத்தில் இருந்தவர் கட்டலிஸ்ட் 5000. இவர் சிஸ்கோ வீட்டுப் பிள்ளையல்ல. 1993இல் சிஸ்கோ விலைக்கு வாங்கிய கிரெசென்டோ நிறுவனத்தின் வழி வந்தவர். அதனால் பாஷையும் வேறு. எதைச் சொல்வதென்றாலும் ‘செற்’ என்று தொடங்க வேண்டும். ஆனால் நல்ல மனுசன். சொன்னதை உடனேயே நினைவில் எழுதிக்கொள்வார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த 3550 பேசியது ரவுட்டர்களின் ஐ.ஓ.எஸ். பாஷை. இவரிடம் சொன்னதைச் சேமிக்கும்படியும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘செற்’ பழகிய விரல்கள் அதை மறந்த நாளில் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், செய்த வேலையெல்லாம் போயே போச்சு.

பிறகு 3560 வந்தார். பார்த்தால் தம்பி மாதிரி, குணம் வேறு. இரண்டு 3550களைக் கேபிளால் இணைத்தால் அந்த இணைப்பு கேட்காமலே ட்ரங்க், அதாவது பல வீலான்களைச் சுமக்கும் பாதை, ஆகிவிடும். 3550இன் இயல்பு நிலை ‘டிசையரபிள்’. 3560இன் இயல்பு நிலை ‘ஓட்டோ’. இரண்டை இணைத்தால், மற்ற வீட்டார் முதலில் கேட்கட்டும் என்று இரு பகுதியும் வாய் திறவாத கலியாணப் பேச்சுத்தான், ஒன்றும் ஒப்பேறாது. வரிசையில் நிற்கும் பக்கெற்றுகளில் எதை முதலில் அனுப்புவது என்ற கணக்கும் மாறியது. பாடமாக்கிய அத்தியாயம் ஒன்று அப்படியே கடதாசிக் கடைக்குப் போனது.

இந்த ஆட்சிமாற்றத்தால் அடிபட்டது கொழும்பில் வெள்ளவத்தை அனெக்ஸிலும் கொட்டாஞ்சேனை மேல்மாடியிலும் இருந்து படித்த பெடியன்கள். 2005இல் ரவுட்டரைப் போல நடிக்கும் டைனமிப்ஸ் மென்பொருள் வந்த பிறகு ரவுட்டர் வாங்கத் தேவையில்லை. ஒரு கம்பியூட்டருக்குள் ஏழெட்டு ரவுட்டர் ஓடும். சுவிட்ச் மட்டும் அதற்குள் அடங்கவில்லை, ஏனென்றால் அதன் வேலையைச் செய்வது தனிச் சிப். ஆக, ஏறத்தாழ 5 கிலோ இரும்புப் பெட்டியை லண்டன் மாமாவின் சூட்கேஸில்தான் இறக்க வேண்டும். விசிறி இரையத் தொடங்கினால் வீட்டுக்கார அன்ரி கதவைத் தட்டுவா, கரண்ட் பில்லையும் கையோடு கொண்டு வருவா. அப்படியான ஒரு வீட்டில் இந்த உரையாடலைக் கற்பனை செய்து பாருங்கள்:

“மாமா, இனி 3560தான் வேணுமாம்.”

“போனமுறை கொண்டுவந்தது பழுதாப் போச்சோ?”

“பழுதில்லை. சோதினையில இல்லை.”

மாமாவுக்கு இது கடைசிவரை விளங்காது.

2014 ஜூனில் சிஸ்கோ முழு வம்சத்தையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. ஐந்தாம் பதிப்புப் பரீட்சையில் பெட்டியே இல்லை. ரவுட்டரும் சுவிட்சும் மென்பொருளாகி விட்டன. கொழும்புப் பெடியனுக்கு சிஸ்கோ செய்த பெரிய உபகாரம் இதுதான். பெங்களூருக்குப் பரீட்சைக்குப் போகிறவனும் கலிபோர்னியாவில் இருக்கிறவனும் முதல்தடவையாக ஒரே மாதிரி லப்டொப்பில் படித்தார்கள். ஆனால் 2022இல் இலங்கையில் நாங்கள் இன்னொரு தடங்கலைக் கண்டுபிடித்தோம். மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. 200 ரூபாய் டொலர் சில வாரத்தில் 360ஐத் தாண்டியது. 1,600 டொலர் பரீட்சைக் கட்டணம் ஏறத்தாழ மூன்றேகால் லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சமானது.

இவ்வளவு ஆட்சியிலும் அசையாமல் இருந்தது, சுவிட்ச்களுக்கிடையே பக்கெற்றுகள் சுழன்றுகொண்டே இருக்காமல் தடுக்க 1985இல் ராடியா பேர்ள்மன் வகுத்த ஸ்பானிங் ட்ரீ. எந்தப் பெட்டியிலும் அதன் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். அதை விளங்கிப் படித்தவன் ஒவ்வொரு பட்டாபிஷேகத்திலும் தப்பினான். பெட்டியின் பழக்கவழக்கத்தை மட்டும் பாடமாக்கியவன் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினான். ஆகவே யாராவது “மலிவா ஒரு 3550 இருக்கு” என்று வந்தால், ஸ்பானிங் ட்ரீ பழக என்றால் தாராளமாக வாங்குங்கள். சி.சி.ஐ.இ. எடுக்கத்தான் என்றால் அந்தக் காசை இன்றைக்கே டொலராக மாற்றி வையுங்கள்.