நிழல் யார் பங்கு?
கம்பெனியைப் பிரிக்கும்போது கைமாறுவது ஒரு முழுத் தொழிலாக இருக்க வேண்டுமாம். சொத்துகளைச் சில்லறையாகப் பொறுக்கிக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(19ஏஏ) பிரிவு வகுத்த விதி அது. எனவே நிலம், இயந்திரம், கடன், ஆட்கள், உரிமம், வழக்கு, பழைய ஃபைல் எல்லாவற்றையும் எழுதி, 'உட்பட, ஆனால் இவை மட்டுமல்ல' என்று முடிப்பார்கள் வக்கீல்கள். ஃபீஸ் அந்தக் கடைசி வாலுக்குத்தான்.

ஏற்காட்டுத் தோட்டத்தில் இதைச் செய்து பார்க்கட்டும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அடியில் காப்பிச் செடி. மிளகுப் பிரிவு அண்ணனுக்கு, காப்பிப் பிரிவு தம்பிக்கு. மரம்? அதுகூடப் பரவாயில்லை, நிழல் எந்த அட்டவணையில் வரும்? இடைக்காலச் சேவை ஒப்பந்தம் போட்டு, தம்பியிடம் நிழலுக்கு மாத வாடகை வாங்குவார்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமானது. சுரங்கக் குழுமமான வேதாந்தா 2023-இல் அறிவித்த பிரிப்புத் திட்டத்தில், அந்தப் பெயரைச் சுமந்த மால்கோ எனர்ஜிக்கு ஒதுக்கியது எண்ணெய், எரிவாயுத் தொழிலை. அலுமினியம் வேறு கம்பெனிக்கு! சரி, சேர்வராயனில் வெட்டியெடுத்த சரிவு யார் பங்கு என்று கேட்டுப் பாருங்கள். 'மீதமுள்ள தொழில்' என்ற தலைப்பைக் காட்டுவார்கள்.