தலைக்கட்டு வரியும் பத்து டாலர் பாஸும்

2023 அக்டோபரில் பிவிஆர் ஐநாக்ஸ் தியேட்டர் கம்பெனி ஒரு திட்டம் போட்டது. பெயர் பாஸ்போர்ட். மாதம் 699 ரூபாய் கட்டினால் பத்துப் படம் பார்க்கலாம். முதலில் 20,000 பேருக்குத்தான் கொடுப்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரைதான் செல்லும். ஐமேக்ஸ், சொகுசு அரங்கு இதற்கெல்லாம் செல்லாது. இத்தனை வேலி கட்டிய பிறகும் மனசு ஆறாமல் கடைசியாக ஒன்று சொன்னார்கள்: தென்மாநிலங்களுக்குக் கிடையாது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் இந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். என் மச்சினன் கொதித்துவிட்டான். "நம்மளை ஒதுக்குறானுங்க மாமா." எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் நம்மைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். ஒரே படத்தை நாலு தடவை பார்த்துவிட்டு, ஐந்தாவது தடவை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிற சனத்திடம் மாதச் சந்தா வியாபாரம் செய்ய எவனுக்குத் தைரியம் வரும்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் பக்கம் சினிமா கொட்டாயில் ஒரு படம் வெள்ளிக்கிழமை பிறக்கும். ஞாயிறு இரண்டாம் ஆட்டத்தோடு அதன் ஜாதகம் தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் அதன் போஸ்டரை ஆடு தின்று கொண்டிருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை செல்லும் பாஸை வைத்துக்கொண்டு ஆட்டோடு போட்டி போடுவதா?

இந்தப் பயம் பிவிஆர்காரர்களுக்குச் சும்மா வரவில்லை. அமெரிக்காவில் மூவிபாஸ் பட்ட பாட்டை அவர்களும் பார்த்திருப்பார்கள். ஸ்டேசி ஸ்பைக்ஸ், ஹாமெட் வாட் என்ற இருவர் 2011-ல் ஆரம்பித்த சினிமாச் சந்தா கம்பெனி அது. 2017 ஆகஸ்டில் ஹீலியோஸ் அண்ட் மாத்தெசன் என்ற டேட்டா கம்பெனி அதன் பெரும்பங்கை வாங்க வந்ததும், மாதச் சந்தாவை 9.95 டாலராக இறக்கினார்கள். தினம் ஒரு படம் பார்க்கலாம். அந்த வருஷம் அமெரிக்காவில் ஒரு டிக்கெட்டின் சராசரி விலையே கிட்டத்தட்ட ஒன்பது டாலர். நீங்கள் படம் பார்க்கப் போனால், மூவிபாஸ் தன் கைக்காசைப் போட்டுத் தியேட்டருக்கு முழு டிக்கெட் விலையையும் கொடுக்கும். அதாவது, மாதத்தில் இரண்டாவது படத்துக்கு நீங்கள் கிளம்பினாலே அவர்கள் வயிற்றில் அடித்த மாதிரி.

பிறகு எப்படிப் பிழைப்பதாக உத்தேசம்? நிறையப் பேர் பணம் கட்டிவிட்டு வராமல் இருப்பார்கள் என்பது ஒரு நம்பிக்கை. யார் எந்தப் படத்துக்குப் போகிறார்கள் என்ற தகவலை விற்றுக் காசாக்கலாம் என்பது இன்னொன்று. இதைக் கேட்டு மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "யாரு எந்தப் படத்துக்குப் போனான், யாரோட போனான், இடைவேளையில என்ன வாங்கித் தின்னான், அத்தனையும் இந்த டீக்கடையில ஓசியிலயே கிடைக்குமே மாமா!"

2018 நடுவில் சந்தாதாரர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டினார்கள். கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடிய வினோதம் அங்கேதான் நடந்தது. ஜூலையில் ஒருநாள் தியேட்டர்களுக்குக் கொடுக்கவே காசில்லாமல் செயலி நின்றுவிட்டது. அவசரத்துக்கு ஐம்பது லட்சம் டாலர் கடன் வாங்கி மறுபடி ஓட்டினார்கள். பிறகு தினம் ஒரு படம் என்பது மாதத்துக்கு மூன்று படம் ஆனது. இதற்கிடையில், அதிகமாகப் படம் பார்த்த 75,000 பேரின் பாஸ்வேர்டைக் கம்பெனியே செல்லாமல் ஆக்கியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021-ல் குற்றம் சாட்டியது. 'அன்லிமிடெட் மீல்ஸ்' என்று போர்டு வைத்துவிட்டு, மூன்றாம் முறை சோறு கேட்டவன் உட்கார்ந்திருக்கும்போதே இலையை எடுத்துவிடுகிற மெஸ்காரர் புத்திதான். 2019 செப்டம்பர் 14-ம் தேதி கடையை மூடினார்கள். முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் மூவிபாஸின் முன்னாள் தலைவரும் ஹீலியோஸின் முன்னாள் தலைவரும் பின்னாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இவர்கள் எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலைக்கு ஒரு நடை வந்திருந்தால் கணக்கை ஒழுங்காகப் போட்டிருப்பார்கள்.

மலையில் தியேட்டர் கிடையாது. வெள்ளிமலையிலிருந்து படம் பார்க்க வேண்டுமென்றால் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்க வேண்டும். கடைசி பஸ்ஸுக்காகக் கிளைமாக்ஸைத் தியாகம் செய்த தலைமுறை ஒன்று அங்கே உண்டு. வில்லன் செத்தானா இல்லையா என்பதை அடுத்த வாரச் சந்தையில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அதனால் வீடியோ டெக் வந்த காலத்தில் சினிமாவே மலையேறியது. டி.வி., டெக், ஒரு பை நிறைய கேசட், ஜெனரேட்டர், கூடவே தூங்காத ஓர் ஆள், எல்லாம் ஒரே ஜீப்பில்.

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று பெரியவர்கள் வசூலித்து, கூழ், மேளம் செலவு போக மிச்சத்தில் டெக் வாடகையைச் சேர்ப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குச் சாமி படம். பூசாரி எழுந்து போனதும் எம்ஜிஆர். விடியற்காலம் ரஜினி. இளவட்டங்கள் எந்தப் படத்துக்காக வந்தார்களோ அதைக் கடைசியில் வைப்பதுதான் வித்தை. அதுவரை கூட்டம் கலையாது. நடுவில் படத்தில் கோடு விழும். உடனே டெக்காரர் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைப்பார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் விரலைப் பார்க்கும். அந்த நேரத்தில் அவருக்கு இருந்த மரியாதை ஊர்க் கவுண்டருக்குக்கூட இருந்ததில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் வரி கட்டாமலே பாயோடு வந்துவிடுவார்கள். யாரும் தடுக்கமாட்டார்கள். பத்துப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் டெக் வாடகை ஒன்றுதானே? மூவிபாஸுக்குப் புரியாமல் போனது இதுதான். அவர்கள் தலைக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் ராத்திரிக்கு ஒரு வாடகை கொடுத்தார்கள். சந்தாதாரரைவிடப் பார்வையாளர் அதிகமாக இருந்தும் நஷ்டமே வராத ஒரே சந்தாத் திட்டம் அது.

தியேட்டரைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவரும். காலியாகக் கிடக்கும் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் முதலாளிக்குப் பெரிய செலவில்லை, பாப்கார்ன் விற்றால் வரவு. பிரான்சில் யூஜிசி என்ற தியேட்டர் கம்பெனி 2000-லிருந்து மாதப் பாஸ் விற்கிறது. அமெரிக்காவில் ஏஎம்சி தியேட்டர் கம்பெனி 2018-ல் வாரம் மூன்று படம் என்று மாதம் 19.95 டாலருக்கு ஆரம்பித்தது. இரண்டும் பிழைத்துக் கிடக்கின்றன. பிவிஆர் ஐநாக்ஸும் சொந்தத் தியேட்டர் வைத்திருக்கும் ஜாதிதான். ஆனாலும் 2024-ல் பத்துப் படத்தை நான்காகக் குறைத்து 349 ரூபாய் ஆக்கியது.

தெற்கை முதலில் ஏன் விட்டார்கள் என்பதற்கு என் பயக் கதையைவிட நம்பகமான காரணம் ஒன்று இருக்கலாம். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 உத்தரவுப்படி மல்டிபிளக்ஸிலேயே வரி நீங்கலாக 150 ரூபாய்தான். டிக்கெட் விலை எகிறிக் கிடக்கும் ஊரில்தான் பாஸ் இனிக்கும். இதைச் சொன்னால் மச்சினன் ஒப்புக்கொள்ள மாட்டான். பயம் என்றே இருக்கட்டும் என்கிறான்.

எங்கள் பக்கத்துத் தியேட்டர் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாரநாள் மேட்னிக்கு எப்படியும் ஃபேன்தான் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு ஒரு பாஸ் போட்டு விற்றுப் பாருங்கள். ஓடிபி எல்லாம் வேண்டாம், மலையில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. பழைய பஸ் பாஸ் மாதிரி அட்டையில் போட்டோ ஒட்டிக் கொடுங்கள். அதே படத்துக்கு மறுபடி வருகிறவனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். வெள்ளிமலைக் கடைசி பஸ் புறப்படுவதற்கு அரைமணி முன்னால் படத்தை முடித்து ஆளை வெளியே விடுங்கள்.