மொய் கேட்கும் மடிக்கணினி

மதுரைப் பக்கத்து மொய் நோட்டில் தொகை ஏறுமே தவிர இறங்காது. விண்டோஸ் கேட்கும் ரேமும் அப்படித்தான்: குறைந்தபட்சக் கணக்கே 1995இல் 4 எம்பி, 2001இல் 64 எம்பி, 2009இல் 1 ஜிபி, 2021இல் 4 ஜிபி. இருபத்தாறு ஆண்டில் ஆயிரம் மடங்கு. அடிக்கிற விடுப்பு விண்ணப்பம் என்னவோ அதே ஒரு பக்கம்தான்.

2011இல் தமிழக அரசு தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் இருந்தது 2 ஜிபி. கூடவே சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர் எத்தனை பேரோ! அந்த 4 ஜிபி கேட்கும் விண்டோஸ் 11க்கோ ரேம் மட்டும் போதாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். (தாய்மாமன் சீர் தனி.)

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ உங்கள் பீரோவில் அந்த மடிக்கணினி கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் கூடுதல் ரேம் சொருக இடமிருக்கிறதா என்று பாருங்கள். இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் விண்ணப்பம் அடிக்க அதுவே தாராளம்.