ஒருமுறை வாழ்க!

நம் முன்னோர் பாவம், ஒழுங்காக அழுக்குப் போக்கிக்கொள்ளத் தெரியாதவர்கள். கிணற்றடியில் நின்று தலையில் சீயக்காயையோ அரப்பையோ அப்பி, கண்ணில் பட்டு எரிந்தால் ஊரைக் கூட்டி, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் முதுகைத் தேய்த்து, கடைசியில் ஒரு துண்டால் துவட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தத் துண்டையே துவைத்து உலர்த்தி மறுநாளும் எடுத்தார்கள் என்பதுதான் கேட்கவே கூசுகிறது. நைந்த நாரை எருக்குழியில் எறிந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். பேரப்பிள்ளைகளுக்கென்று எதையும் விட்டுப்போகத் தெரியாத தலைமுறை.

நமக்கு அந்தக் குறை இல்லை. நுரைக்கும் வைப்ஸ் வந்துவிட்டது.

கைக்குட்டையில் பாதி இருக்கும். பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது காய்ந்திருக்கும். குழாயடியில் நனைக்க வேண்டும். கசக்கினால் நுரை பொங்கும். முகத்தில் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவியதும் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ‘நனைக்கவும் வேண்டும், கழுவவும் வேண்டும் என்றால் இதற்கு ஒரு சோப்புக்கட்டி போதாதா?’ என்று குதர்க்கம் பேசுகிறவர்கள் உண்டு. நான் சொன்னதில் கடைசிப் படிதான் விசேஷம், அது அவர்களுக்குப் பிடிபடவில்லை. சோப்புக்கட்டி தேயத் தேய மறுநாளும் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய காதலைப்போல வழுவழுவென்று கையில் ஒட்டும். இது மறுநாள் இருக்காது. உங்கள் குளியலறையில் இருக்காது என்று சொல்ல வந்தேன். மற்றபடி, எங்கேயாவது இருக்கும்.

இதன் குலப்பெருமையையும் சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் ஆர்தர் ஜூலியஸ் என்ற அமெரிக்கர் ஈரத்தாளைச் சின்ன உறையில் அடைத்து ‘வெட்நாப்’ என்று பெயரிட்டார். 1963இல் கென்டக்கி வறுத்த கோழிக்காரர்கள் அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். விரலில் எண்ணெய் ஒட்டும்படி ஒரு சாப்பாடு, ஒட்டியதைத் துடைக்க ஒரு தாள். கை கழுவும் தொட்டி என்ற பழங்காலப் பொருளை வெல்ல இரண்டு தொழில்கள் கைகோத்தது அப்போதுதான். பிறகு 1990களின் பிற்பகுதியில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், தோலுக்கும் தலைமுடிக்கும் ஆகும்படி, தண்ணீர் பட்டதும் நுரைக்கிற உலர்துணிக்குக் காப்புரிமை வாங்கியது. 2000 வாக்கில் ஓலே என்ற பெயரில் முகம் கழுவும் துணிகள் கடைக்கு வந்தன. நாற்பது ஆண்டு ஆராய்ச்சியின் பலனைப் பாருங்கள்: ஈரத்தாளில் இருந்த ஈரத்தை எடுத்துவிட்டார்கள். அது வேண்டுமென்றால் வாங்கியவர் தன் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

ஒருமுறை மட்டும் நுரைக்கும் தத்துவத்தில் நம் மண்ணுக்கும் பங்குண்டு என்பதைத் தன்னடக்கம் கருதி மறைக்கக் கூடாது. கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970களில் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் காட்டினார். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைப் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கவிட்டார். பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரப் பெண்ணும் தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்தாள். அது நிஜமான சாதனை, கிண்டலில்லை. கிழித்துப் போட்ட பாக்கெட்டின் மூலை இன்றும் குளத்துப் படியில் மின்னுவது அந்தச் சாதனையின் கல்வெட்டு. ஆனால் சின்னப் பாக்கெட், காசில்லாதவருக்காகப் பிறந்தது. நுரை வைப்ஸ் அப்படியல்ல. சோப்பு, துண்டு, தண்ணீர், வாளி, கொடி எல்லாம் இருப்பவருக்காகவே பிறந்தது. இல்லாதவருக்குக் கொடுப்பதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

அதன் அடக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பல வைப்ஸ்களின் உடம்பு பாலியெஸ்டர் இழை, அதாவது பிளாஸ்டிக். பார்வைக்குத் துணி, தொட்டாலும் துணி. ஆகவே, தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்கும் தட்டுக்கும் கப்புக்கும் தடை வந்தபோதும், 2022 சூலையில் இந்தியா முழுக்க உறிஞ்சுகுழலும் காது குடையும் குச்சியும் தடைப்பட்டியலில் ஏறியபோதும், இது ஓரமாக நின்று வழிவிட்டுக்கொண்டிருந்தது. மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் இதை வாங்கி வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஐரோப்பியர்கள்தான் கொஞ்சம் வாய்த்துடுக்கு: 2021 முதல், பிளாஸ்டிக் கலந்த வைப்ஸ் பாக்கெட்டின் மேல் ஆமை படம் போட வைத்துவிட்டார்கள். ஆமை புகுந்த வீடு என்று நாம் பயப்படுவோம். அவர்கள் ஆமையைக் காப்பாற்றத் துடிக்கிறார்கள்.

ஈர வகைக்குக் கூடுதலாக ஒரு பட்டமும் உண்டு. எந்நேரமும் நனைந்திருப்பது பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ரசாயனத்தை, அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2013இல் ‘ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்’ என்று அறிவித்தது. தேங்காயெண்ணெய் தலைமுறை தலைமுறையாகத் தோலில் கிடந்தும் இப்படியொரு விருதுக்கு அதன் பெயரைப் பரிந்துரைக்க ஆளில்லை.

ஆனால் வைப்ஸின் உண்மையான புகழ் நிலத்துக்கு அடியில்தான். சில பாக்கெட்டுகளில் ‘கழிவறையில் போடலாம்’ என்றே அச்சிட்டிருக்கும். அதில் பொய் இல்லை. போடலாம், போகும். போனபின் என்ன ஆகும் என்று அவர்கள் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லையே! 2017இல் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாறை கிடைத்தது. எடை சுமார் 130 டன். சமையல் கொழுப்பு சாந்து, வைப்ஸ் கல்; கொத்தனார் இல்லாமலேயே கட்டிய கோட்டை. அதை உடைத்தெடுக்க வாரக்கணக்கில் ஆட்கள் பாடுபட்டார்கள். அடுத்த ஆண்டு அதில் ஒரு துண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. மக்கள் போய்ப் பார்த்தார்கள். தேம்ஸ் ஆற்றில் ஹாமர்ஸ்மித் பாலத்துப் பக்கம் ஒதுங்கிய வைப்ஸ் சேர்ந்து மேடாகி, ‘வெட் வைப் தீவு’ என்று பெயரே எடுத்தது. அரசர்கள் அணை கட்டித்தான் ஆற்றை வளைத்தார்கள். இங்கே முகத்தைத் துடைத்தே வளைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ச் சாக்கடை இன்னும் அருங்காட்சியகத் தரத்துக்கு வரவில்லை. குழாய் சின்னது, அதற்குள் நாப்கினும் டயபரும் கந்தலும் முன்பே இடம் பிடித்திருக்கின்றன. வைப்ஸ் போய் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். தெருவில் நீர் பொங்கினால் ஜெட் ராடிங் வண்டி வரும். வண்டி நுழையாத சந்து என்றால் ஆள் வருவார். பாதுகாப்புக் கருவியில்லாமல் மேன்ஹோலுக்குள் ஆளை இறக்கக் கூடாதென்று 2013இல் சட்டம் வந்தாயிற்று. இறங்கிச் செத்தால் 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால் இறங்குவது நிற்கவில்லை என்றுதானே பொருள்? மேலே ஒருவர் தன் கையில் அழுக்குப்படாமல் முகம் துடைக்கிறார். அந்த அழுக்கு மிகுந்த மரியாதையோடு இன்னொருவர் கைக்குப் போய்ச் சேருகிறது. இவ்வளவு ஒழுங்கான விநியோகம் நம் ரேஷன் கடையில்கூடக் கிடையாது.

புகழ்ந்துகொண்டே வருகிற எனக்கு ஓரிடத்தில் மட்டும் நாக்குத் தடுக்குகிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரை, அறுவை முடிந்து தையலோடு இருப்பவரை, எழுப்பிக் குளிப்பாட்ட முடியாது. அங்கே அலசத் தேவையில்லாத துடைதுணியும், தலையில் மாட்டித் தேய்த்தால் முடி சுத்தமாகிற ஷாம்பூத் தொப்பியும் செவிலியருக்குக் கைகொடுக்கின்றன. வாளி தூக்க வேண்டாம், மெத்தை நனையாது, நோயாளிக்கு நடுக்கமில்லை. பெரிய ஏமாற்றம். இத்தனை பெருமைகொண்ட பொருள் அந்த வார்டுக்குள் போனதும் தன் தரத்திலிருந்து இறங்கி, வெறும் உபயோகமான பொருளாகிவிடுகிறது. விளம்பரங்கள் இந்த இழுக்கை நாசூக்காக மறைத்து, நல்ல கால்களோடு கண்ணாடிமுன் நிற்கும் இளம்பெண்ணையே காட்டுவது சரிதான்.

இங்கிலாந்துக்காரர்களோ நன்றி கெட்டவர்கள். அருங்காட்சியகப் பொருளும் ஆற்றில் ஒரு தீவும் கொடுத்த வைப்ஸின் மேலேயே 2025இல் சட்டம் போட்டார்கள். 2027இலிருந்து பிளாஸ்டிக் கலந்ததை அங்கே விற்க முடியாது. நாம் அப்படியல்ல, வந்தாரை வாழவைப்பவர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் மேசைக்குப் பக்கத்திலேயே, குழந்தைக்குத் தனி, முகத்துக்குத் தனி, மேக்கப் கலைக்கத் தனி என்று அடுக்கிவைத்திருக்கிறோம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.