ஒனக்கு மட்டும் இன்னும் 144-ஆ?

என்னலே பேராண்டி, சௌக்கியமா இருக்கேன்னு சொல்றே. சௌக்கியமா இருக்கிறவன் போன்ல ‘ம்’, ‘ம்’னுக்கிட்டு இருக்க மாட்டான். கதை கேக்குற புள்ளதான் ‘ம்’ கொட்டும். நான் இன்னும் கதையே ஆரம்பிக்கலையே.

கொரோனா அவசர நிலை முடிஞ்சுபோச்சுன்னு ஒலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதியே சொல்லிருச்சு. அந்தத் தாக்கல் ஒன் நாலாவது மாடிக்கு இன்னும் ஏறி வரலையா? ஒத்த ரூம்பு. சோலியும் அதுக்குள்ள, சோறும் அதுக்குள்ள. பார்சல் கொண்டாறவன் கதவுல மாட்டிட்டு, படியில எறங்குற சத்தம் கேட்ட பெறகுதான் நீ கதவத் தொறக்கியாம். கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டிகூட இவ்வளவு முறுக்கா சோறு வைக்க மாட்டாலே.

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசுனாரு, 21 நாளு வாசப்படி தாண்டாதீகன்னு. சரி, நோவு அப்படி. ஆறடி தள்ளி நிக்கச் சொன்னாக, நின்னோம். அதுக்கு ‘சமூக இடைவெளி’ன்னு பேரு வச்சாக பாரு, அங்கதான் கோளாறு. ஒடம்பைத்தான் தள்ளி வைக்கணும், ஒறவை இல்லன்னு சுகாதார நிறுவனமே அந்த மாசம் மாத்திச் சொல்லிச்சு. யாரு காதுல வாங்குனா? மூக்குக்கும் மூக்குக்கும் அளந்த ஆறடியை நீ நாக்குக்கும் சேத்து அளந்துட்டே.

நாங்க இங்கன என்ன செஞ்சோம், கேளு. எதுத்த வீட்டு மச்சானுக்கும் எனக்கும் ஆடுபுலி ஆடாம பொழுது அடையாது. தெருவுல எறங்குனா போலீசு. அவன் திண்ணையில ஒரு கட்டம், என் திண்ணையில ஒரு கட்டம், ரெண்டையும் கரியில கீறுனோம். புலி மூணும் புளியங்கொட்டை. ஆடு 15ம் வறுத்த கடலை. “ரெண்டாம் கோட்டுல ஆட்டை வைக்கேன் மச்சான்”னு அவன் அங்க இருந்து கத்துவான், நான் இங்க வைக்கணும். நான் தள்ளி வச்சா அவனுக்கு என்ன தெரியப்போகுது? நாலு நாளு நாந்தான் செயிச்சேன். அஞ்சாம் நாளுதான் தெரிஞ்சுது, அவனும் அதே சோலிதான் பாத்திருக்கான். போதாக்கொறைக்கு என் புலி வெட்டுன ஆட்டைவிட அவன் வாயில போட்ட ஆடு அதிகம். ஒரு வாரம் சண்டை. தெரு பூராப் பஞ்சாயத்து, அவுகவுக வாசல்ல நின்னுக்கிட்டே. சும்மா சொல்லக்கூடாது, அந்த முடக்கத்துல எனக்கு வயிறாறச் சோறு எறங்குனது அந்த ஒரு வாரந்தான்.

ஆட்டுக்குப் பின்னால கட்டம் காலியாக் கெடந்தாத்தான் புலி தாண்டி வெட்டும். பின்னால இன்னொரு ஆடு நின்னா புலி முழிக்கும். ஒம் பின்னால யாருலே நிக்கா? அந்த லேப்டாப்பா?

அந்த முடக்கத்துலயே மே மாசம் எங்க அக்கா போயிட்டா. எழவுக்கு 20 பேருக்கு மேல கூடாதுன்னு உத்தரவு. ஆறு ஊரு சம்பந்தம் உள்ளவளுக்கு, யாரு வரணும் யாரு வரக்கூடாதுன்னு சீட்டெழுதுனோம். கட்டிப்பிடிச்சு அழ ஆளில்லாத எழவு, நெஞ்சுலயே தங்கிப்போச்சு. மாசக்கணக்குல ராத்திரி பூரா ஓட்டை எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். ஆட்டுக்குட்டிகிட்டப் பேசுனேன். நல்லாத்தான் கேக்கும். என்ன, நடுவுல துண்டைத் தின்னுரும்.

பெறகு 2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு. பிரசர் பாக்க ஒரு பொண்ணு வீட்டுக்கே வரும். அது வர்ற நேரம் பாத்து நான் கெணத்தடி வரைக்கும் வெரசா நடந்துட்டு வந்து உக்காருவேன். பிரசர் கூடக் காட்டும். “செத்த இருங்க தாத்தா, மறுபடி பாப்போம்”னு அதுவும் கால்மணி நேரம் உக்காரும். மூணாவது தடவை பிடிபட்டேன். “பேசணும்னா பேசுங்களேன் தாத்தா, எதுக்கு இந்த ஓட்டம்?”னு கேட்டுச்சு. அன்னைக்குத்தான் அக்காவைச் சொல்லி அழுதேன். பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டரு இருக்காருன்னு வழி சொன்னதும் அந்தப் பொண்ணுதான். அவரு என்னைக் கிறுக்கன்னு சொல்லல, தூக்கத்துக்கு வழி சொன்னாரு.

இது ஒனக்கு மட்டும் வந்த நோவு இல்லலே. கொரோனா வந்த மொத வருசத்துலயே மனச்சோர்வும் பதற்றமும் ஒலகம் பூரா நூத்துக்கு 25 கூடிப்போச்சுன்னு 2022ல கணக்குச் சொன்னாக. ஜப்பான்காரன் 2021ல தனிமைக்குன்னே ஒரு மந்திரியைப் போட்டான். இங்கிலாந்துல 2018லயே போட்டாச்சு. நம்மூர்ல போட்டா கவலையே இல்ல. மந்திரி பின்னால வர்ற கார்க் கூட்டத்துலயே தனிமை நசுங்கிச் செத்துரும்.

இன்னைக்குப் பார்சல் வந்தா ஆளு இருக்கும்போதே கதவத் தொற. எந்த ஊருப்பான்னு கேளு. நம்ம கோவில்பட்டிப் பக்கம்னான்னா ரெண்டு பேருக்கும் விடிய விடியப் பேச்சு இருக்கு. கீழ்வீட்டுல உப்பு கடன் கேளு. ஒங்கிட்ட உப்பு இருந்தாலும் கேளு. அதுக்கும் மேல நெஞ்சு கனத்தா 14416-க்கு அடி. டெலி மானஸ்னு பேரு. காசு கெடையாது, நடுராத்திரியும் எடுப்பாக, தமிழ்லயே பேசலாம். எங்கிட்டச் சொல்லக் கூச்சப்படுறத அவுககிட்டச் சொல்லு.

மச்சான் அங்கன இருந்து கத்துறான், ஆட்டத்துக்கு நேரமாச்சு. நாளைக்கு வெள்ளன ஆறு மணிக்கு மிஸ்டு கால் குடுப்பேன். நீ திருப்பிக் கூப்பிடலேன்னா ராத்திரி பஸ்ஸுல ஏறிருவேன். துண்டு தின்ன குட்டி இப்ப பெரிய கெடாவாயிருச்சு, அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்.